வரேன் என்ற ஒரு சொல்

ஆட்களைக் கம்பியில் கட்டித் தள்ளிவிடுகிறவனுக்கு என் பெண்ணைத் தர முடியாது என்று நான் வீட்டில் தீர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் யாரையும் தள்ள மாட்டார், அவரவர் வாயால் 'வரேன்' என்று சொன்னால்தான் விடுவார் என்றாள் மகள். இந்த வியாக்கியானத்தையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடியாது என்பதை அவனிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள், பார்க்கலாம் என்று மனைவி வம்புக்கு இழுத்தாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆள் உள்ளே நுழையும்போதே கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா என்று சொல்லிவிடுவேன். இவன் எப்படிப்பட்டவன் என்று கண்டுபிடிப்பது என்ன பிரமாதம் என்ற மிதப்பில் ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் கிளம்பினோம்.

நகரத்தைத் தாண்டியதும் ஒரு பழைய கல்குவாரி. பள்ளம் முழுக்கத் தண்ணீர். இந்தக் கரையில் இரும்புக் கோபுரம், அங்கிருந்து எதிர்க்கரைக்கு ஒரு கம்பிவடம். அதில் தொங்கியபடி ஜனங்கள் அலறிக்கொண்டே போனார்கள். காசு கொடுத்து அலறுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

அவனுக்குக் கோபுர உச்சியில் வேலை, கீழே வர முடியாதாம். நானே ஏறினேன். பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அதையும் மாட்டிக்கொண்டேன். உச்சியில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் பதறிப்போய், "வாங்க மாமா" என்றான்.

"சார்னு கூப்பிடு."

அவன் தலையாட்டினான். பதற்றத்தில் கை தன் பழக்கத்துக்கு என் பெல்ட்டை வடத்து உருளையில் கொக்கி போட்டு மாட்டிவிட்டது. நானும் என் பேச்சு மும்முரத்தில் அதைக் கவனிக்கவில்லை. இந்தச் சம்பந்தம் நடக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. வந்த இடத்தில் மரியாதையாக விடைபெறுவோம் என்று, "சரிப்பா, அப்ப நான் வரேன்" என்றேன்.

புறப்படுகிற மனிதன் வேறென்ன சொல்வான்? 'போறேன்' என்றா சொல்வான்?

நாள் முழுக்க அந்த ஒரு சொல்லுக்கே பழகிய கை. படக்கென்று தடுப்பை எடுத்துவிட்டது.

காலடியில் பலகை இல்லை. மூக்கில் கண்ணாடி இல்லை, அது தண்ணீருக்குப் போய்விட்டது. 'அம்மா' என்று அலறினேன்; பெற்ற தாயைக்கூட அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. என் உடம்போ காற்றடித்தால் பறக்கிற உடம்பு. எதிர்க்காற்றில் வேகம் செத்து, நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டேன். கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான்.

கொஞ்ச நேரத்தில் வடம் குலுங்கியது. மஞ்சளாக ஏதோ ஒன்று என்னை நோக்கி ஊர்ந்து வந்தது.

"சார், அசையாதீங்க. நான் வந்துட்டேன் சார்."

"சாராவது மோராவது. மாமான்னே கூப்பிடு. கைய மட்டும் விட்டுடாதே மாப்ளே."

அவன் தோளில் இருந்த வாக்கி டாக்கி திறந்தே இருந்திருக்கிறது. நான் சொன்னது இரண்டு கரைக்கும் கேட்டிருக்கிறது. அவன் என்னை இழுத்துக்கொண்டு எதிர்க்கரை சேர்வதற்குள் மனைவியும் மகளும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தடுப்பை எடுத்தது தன் தப்புதான் என்று அவன் என்னிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். மனைவிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. எனக்குக் கண் தெரியாதாம், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நடக்க வேண்டுமாம். அந்த 'மாப்பிள்ளை'யில் ஒரு அழுத்தம் இருந்தது. மகள் மட்டும் சிரிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்வரைக்கும் அவன் கையை நான் விடவில்லை. கிளம்பும்போது வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்தது. சட்டென்று விழுங்கிவிட்டேன்.

"அடுத்த வாரம் உங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டு நீ வீட்டுக்கு வா" என்றேன்.

"வரேன் மாமா" என்றான்.