வால்வை மூடியது யார்?

பிளம்பர் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். குழாய்களின் வகை, வாஷர்களின் வகை, ஒழுகலின் வகை. மனைவி அடுப்பங்கரையில் நின்றபடியே படித்து முடித்தாள்.

"பாடம் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கே இவ்வளவு பட்டியல் போடலையே! ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கொடுங்க. சொட்டுற குழாய்க்கு வாஷர் மாத்துறது. போதும்."

அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் கை கழுவும் தொட்டிக்கடியில் குந்தி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் வாத்தியார் வேலை ஒன்று காலியாக இருந்தது. நாளைக்குச் சோதனை வகுப்பு. பல தொழில்காரர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்க, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் நல்லது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று சொல்வார்கள். மதியம் அதே பாடத்தைத் திருத்தி மறுபடி எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு.

"அவங்க குறை சொல்லும்போது நான் பதிலே பேசக் கூடாதாம். நன்றின்னு மட்டும் சொல்லணுமாம்."

"நீங்களா?" என்று அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒத்திகை நடந்தது. இவர் வாயால் சொல்ல, அவள் சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினாள். எட்டு நிமிடத்தில் கச்சிதமாக முடிந்தது. அன்று ராத்திரி அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, பட்டறைச் சுவரில் தொட்டியோடு பொருத்தியிருந்த குழாய்க்கு முன்னால் தையற்கார அம்மா மாணவியாக வந்து நின்றாள்.

"ஸ்பேனரைப் போட்டுக் குழாய்த் தலையைத் திருகும்மா. பயப்படாதே."

திருகினாள். தண்ணீர் கூரைக்குப் பாய்ந்தது. அவள் தொப்பலாக நனைந்தாள். முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரரின் கண்ணாடியிலிருந்து சொட்டியது. பிளம்பர் முழங்காலை மறந்து பாய்ந்து கீழிருந்த வால்வை மூடினார்.

"வால்வை மூடாமத் திறந்தா தண்ணி வராம பாலா வரும்?"

"சார், இப்ப உங்க காதுக்கு மட்டும்தான் வேலை," என்றார் சோதனை வகுப்பை நடத்திய பயிற்சியாளர் அம்மா.

தையற்காரி சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "நல்லது, குரல் கணீர்னு இருந்தது. மாத்த வேண்டியது, நீங்க சொன்னதைத்தான் அண்ணே செஞ்சேன். சொல்லாததை எப்படிச் செய்வேன்?"

பேக்கரிக்காரர், "நல்லது, நான் இன்னிக்குக் குளிக்காம வந்தேன். மாத்த வேண்டியது, அடுத்த தடவை சோப்பும் கொடுங்க," என்றார். அறையே சிரித்தது.

இதுகூடவா தெரியாது என்ற கேள்வி பிளம்பரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"நன்றி."

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நேத்து வால்வை மூடினது யாரு?"

"நான்தான்."

"நான் மூடச் சொன்னேனா?"

"சொல்லல. இருபத்தாறு வருஷமா பிளம்பரோட குடும்பம் நடத்துறேன், இதுக்கெல்லாம் நீங்க சொல்லணுமா?"

கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் போனை வைத்தார். பிறகு நேராகத் தையற்காரியிடம் போனார்.

"தங்கச்சி, ஒரு உதவி. நான் வாயைத் திறக்காம வேலை செய்றேன். என் கை செய்றதை ஒண்ணு விடாம எழுது."

"என்மேல கோபமில்லையா அண்ணே?"

"இருந்தது. இப்ப அதுக்கு நேரமில்ல."

வேலையை முடித்து நிமிர்ந்தபோது ஐந்து வரி இருக்கும் என்று நினைத்தார். அவள் பதினொன்று எழுதியிருந்தாள்.

"வால்வை மூடினதும் குழாயைத் திறந்து விட்டீங்களே, எதுக்கு?"

"உள்ளே தங்கின தண்ணி வடியறதுக்கு."

"அப்புறம் தொட்டி ஓட்டையில துணியைச் சுருட்டி வச்சீங்க."

"வச்சேனா?"

"வச்சீங்க. மூணாவதா எழுதியிருக்கேன் பாருங்க."

"ஸ்க்ரூ உள்ளே விழுந்துடாம இருக்க..." என்று இழுத்தவர், தன் கையை யாரோ ஒருவர் கையைப் போலப் பார்த்தார்.

பதினொன்றும் பத்து நிமிடத்தில் அடங்காது. பென்சிலை எடுத்து ஏழாவதுக்குக் கீழே கோடு போட்டார். பழைய வாஷரை வெளியே எடுப்பதோடு சரி. அதற்காகக் குழாயில் பழைய வாஷரையே திரும்ப மாட்டிவைத்தார்.

"பாதியில நிறுத்தினா வேலை தெரியாதவர்னு நினைக்க மாட்டாங்களா அண்ணே?"

"வேலை எனக்குத் தெரியும். செய்யறவருக்குத் தெரியணும், அதானே பாடம்?"

மதியம் பேக்கரிக்காரரையே கூப்பிட்டார். மற்றவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் குடையை விரித்தே விட்டார். பிளம்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முதல்ல கீழே குனிங்க. அந்த வால்வை வலப்பக்கமா, இனிமே திரும்பாதுங்கற வரைக்கும் மூடுங்க."

பேக்கரிக்காரர் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தபோது பிளம்பரின் வலக்கை துடித்தது. இடக்கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வாயால் சொன்னார். ஒன்பதாவது நிமிடம் பேக்கரிக்காரர் கறுத்துத் தேய்ந்த வாஷரை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் குட்டிச்சாத்தானா இவ்வளவு படுத்துது?"

ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. குடை மடங்கியது.

தையற்காரி எழுந்தாள். "நல்லது, யாரும் நனையல. மாத்த வேண்டியது, கையைக் கட்டிக்கிட்டு நின்னது போலீஸ் பிடிச்ச ஆள் மாதிரி இருந்தது."

ஏன் கட்டிக்கொண்டேன் என்று விளக்க வாயைத் திறந்தார். மூடினார். "நன்றி."

பயிற்சியாளர் அம்மா நோட்டை மூடினார். "திங்கட்கிழமையிலிருந்து வந்துடுங்க சார். எட்டு மணிக்கு வகுப்பு. புது வாஷர் போடறதிலிருந்து ஆரம்பிங்க."

"அதுவரைக்கும் இது இப்படியே கிடக்குமா? நான் கை கழுவணுமே!" என்றார் பேக்கரிக்காரர்.

பிளம்பரின் கை தானாக ஸ்பேனருக்குப் போயிற்று.

"அண்ணே," என்றாள் தையற்காரி. "கை இல்ல, வாய்."

ஸ்பேனரை அவளிடமே நீட்டினார்.

"எட்டாவது என்ன எழுதியிருக்கே? படி."