மஞ்சள் நூல் கட்டிய காய்கள்

கூட வேலை பார்த்த சங்கவி இறந்த பதினாறாம் நாள் சுதாகர் கடப்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போனான். கேட்டிருந்தால் ஆராய்ச்சி நிலையத்தின் ஜீப் கிடைத்திருக்கும். ஓட்டுநர் வரதன் நல்ல மனிதர்தான். ஆனால் கூவத்தூருக்கு முன்னால் வரும் அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, இங்கேதான் என்று கை காட்டிவிடுவாரோ என்று சுதாகருக்குப் பயம். பஸ் எங்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. திருப்பம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மடியில் இருந்த பையில் சின்ன அலுமினிய அடையாளப் பட்டைகளும் கம்பிச் சுருளும் இருந்தன. வேலை சுலபமானது. அங்கே சின்னப்பொண்ணு என்ற விவசாயியின் வயலில் மஞ்சள் நூல் கட்டிய காய்கள் எந்தெந்தச் செடியில் இருக்கின்றனவோ, அந்தச் செடிகளில் பட்டை கட்டிவிட்டு வர வேண்டும். காயைத் தொடக் கூடாது. அது செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் விதை.

அந்தக் காய்களுக்குப் பின்னால் சங்கவியின் ஆறு வருட உழைப்பு இருந்தது. கடப்பாக்கம் பக்கம் கிணற்றில் சித்திரைக்குமேல் உப்பு ஏறிவிடும். கத்தரிச் செடி இலை ஓரம் கருகிப் பூவை உதிர்க்கும். மூன்று நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்திய திட்டத்தில், உப்பைத் தாங்கும் ஒரு முள் நிறைந்த காட்டுக் கத்தரியின் விதை சுதாகர் பார்த்துக்கொள்ளும் விதை வங்கிக்கு வந்தது. அதைச் சங்கவி இந்த ஊர்க் கத்தரியோடு இனக்கலப்பு செய்தாள். முதல் வருடக் காயைச் சமைத்துப் பார்த்த சின்னப்பொண்ணு, “இத்த துன்னா கட்டின புருசனே வூட்ட வுட்டு ஓடிப்பூடுவான்” என்றாள். அவ்வளவு கசப்பு. “அப்ப தெனம் ஆக்கு” என்றார் அவள் புருஷன் கண்ணாயிரம். வருடா வருடம் கசப்பும் முள்ளும் குறைந்தன. இந்த வருடம் உப்புத் தண்ணீரிலேயே முழுக் கோடையும் நின்று, காயும் பிடித்து, கசக்காமலும் இருந்த செடிகள் ஏழு தேறின. வயல் முழுக்க நூற்றுக்கணக்கான செடிகள். எல்லாம் ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள், ஆனால் ஒன்றைப்போல ஒன்று இல்லை. அந்த ஏழுதான் வேண்டும். தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து கலக்காமலிருக்க, மொட்டிலேயே காகித உறை மாட்டி, காய் பிடித்ததும் உறையை எடுத்துவிட்டு அதன் காம்பில் சங்கவி நூல் கட்டினாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை வந்து செடிக்குப் பட்டை கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை வேறு ஒரு வயலுக்கு ஸ்கூட்டரில் போனவள் மேல் லாரி மோதியது.

நூல் கட்டும் வழக்கம் சின்னப்பொண்ணுவின் வீட்டில் இருந்து வந்தது. அவர்கள் வயலில் முதல் காய் பிடித்ததும் அதற்கு மஞ்சள் நூல் கட்டுவார்கள். அது எல்லையம்மனுக்கு உரிய காய். கூலிக்குப் பறிக்க வருகிறவர்களும் தொடமாட்டார்கள். இதைப் பார்த்த சங்கவி, தன் விதைக் காய்களுக்கும் அப்படியே கட்டினாள். எச்சரிக்கைப் பலகையை விட அது நன்றாக வேலை செய்தது. இத்தனை வருடத்தில் நூல் கட்டிய காய் ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. அதனால்தான் இந்தப் பதினைந்து நாளும் நிலையத்தில் யாரும் பதறவில்லை. சுதாகரும் பதறவில்லை. நூல் கட்டியிருக்கிறது, பத்திரமாக இருக்கும். நேற்று மாலை வானம் இருண்ட பிறகுதான் திட்டத் தலைவர் ராமானுஜம், “மழை பிடிக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துடுப்பா” என்றார். மழை பெய்து மண்ணிலிருக்கும் உப்பு கழுவிப்போனால் எல்லாச் செடியும் நல்ல செடிதான். எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று பார்த்துச் சொல்ல அப்புறம் வழியில்லை.

வயல் ஓரத்து மோட்டார் கொட்டகையில் ஆட்கள் தெரிந்தார்கள். வாசலில் சாணி மெழுகியிருந்தது. கண்ணாயிரம் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வா சார், வா. ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு கூட வர்லியேன்னு இப்பத்தான் பேசிக்கினு இருந்தோம்,” என்றார்.

“நல்ல நேரத்துல வந்த,” என்றாள் சின்னப்பொண்ணு. கண்கள் சிவந்திருந்தன, அடுப்புப் புகையும் காரணமாக இருக்கலாம். “அவளுக்குப் படைக்கப் போறோம். அன்னிக்கு பஸ்ஸு புடிச்சி அணுபுரத்துல அவ வூட்டுக்குப் போய் எறங்குனா, பொணத்த எடுத்துக்கினு வண்டி கெளம்பிடிச்சின்றாங்க. மூஞ்சியக்கூட பாக்கல சார். அந்த வூட்ல நாங்க யாருன்னு யாருக்குத் தெரியும்? அதான், எங்க மனசு ஆறட்டும்னு இங்கியே செஞ்சிட்டோம்.”

கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தில் சங்கவி சிரித்துக்கொண்டிருந்தாள். உழவர் விழாவில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் சின்னப்பொண்ணுவின் தோளும் வளையலும் மிச்சமிருந்தன. படத்துக்குப் பூமாலை போட்டு, அதன்மேல் மஞ்சள் நூல்களைச் சேர்த்து முறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.

சுதாகர் அந்த நூல்களைப் பார்த்தான். ஒவ்வொன்றின் நுனியிலும் சங்கவி போடும் இரட்டை முடிச்சு இருந்தது.

இலையில் சோறு விழுந்தது. அதன்மேல் நெத்திலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. சங்கவிக்கு ஒரு இலை. கற்பூரம் காட்டி எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். சுதாகரும் விழுந்தான். பிறகு அவனுக்கு இலை போட்டார்கள்.

காய் குழையாமல் முழுசாக வெந்திருந்தது. பிட்டபோது உள்ளே விதைகள் வெள்ளையாக, பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தன. வேகவைக்காமல் இருந்திருந்தாலும் முளைக்காத விதைகள்.

“இன்னா சார், துன்னாம குந்திகினு கீற? கசக்குதா?”

“இல்லக்கா. கசக்கல.”

“கசக்காது. அதுக்குத்தான அந்தப் பொண்ணு வெயில்ல காஞ்சிது,” என்றாள். அவள் குரலில் சிறு பெருமிதம் இருந்தது. “எல்லாம் அவ காய். நூலு கட்டி வெச்சிட்டுப் போனா பாரு, அதேதான். ஒண்ணுகூட சந்தைக்கு அனுப்பல. காலைல வயலு மொத்தமும் பறிச்சி யாவாரி லோகு வண்டில ஏத்துனோம். அவன் இன்னா, இதையும் போடு, நல்லா கீது, நல்ல வெலைக்குப் போவும்ன்றான். கைய ஒடச்சிருவேன்னேன். அம்மன் காய அம்மனுக்குத்தான் வெக்கணும். அவ காயி அவளுக்கு.”

சுதாகர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அடுத்த மாதம் திட்டத்தில் கூட்டாளியான வியட்நாமிலிருந்து விதை கேட்டுக் கடிதம் வரும், ராமானுஜம் ஜீப்பில் இங்கே வந்து நிற்பார், யாரோ ஒருவர் இதைவிட மோசமாகச் சொல்வார்.

“அக்கா, அது விதைக்காகக் கட்டின காய்.”

“தெரியும் சார். அவதான் எடுத்துக்கினு போவா.”

“இந்தத் தடவை நான் எடுத்துக்கிட்டுப் போகணும். பழுத்த பிறகு.”

சின்னப்பொண்ணுவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டியின் மேல் அப்படியே நின்றது.

“அவளே பூட்டா. இனிமே யாரு சார் இதுக்குன்னு...”

“ஒரு போனு போட்டுருக்கலாமே சார்,” என்றார் கண்ணாயிரம். குரல் உயரவில்லை. “நாங்க அடிச்சாலும் யாரும் எடுக்கல. செத்த வூட்டுல இருப்பாங்கன்னு வுட்டுட்டோம். ஒரே ஒரு போனு.”



சின்னப்பொண்ணு கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். “அந்தச் செடி கீதுல்ல? செடிய நாங்க புடுங்கலியே. இன்னொரு பூ வுடும், காய் வெக்கும். அதுல எடுத்துக்க.”

“எந்தச் செடின்னு தெரியணும்கா.”

“வா, காட்றேன்.”

மூவரும் வயலில் இறங்கினார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. காலையில் பறித்த காம்புத் தடம் எல்லாச் செடியிலும் இருந்தது. ஒரு செடியிலும் காய் இல்லை. சின்னப்பொண்ணு மூன்றாம் பாத்திக்குப் போய் ஒரு செடியைப் பிடித்தாள். “இதான்.” உடனே கையை விட்டாள். “இல்ல. இது பக்கத்துல ஒரு நண்டு வளை இருந்திச்சி.” இரண்டு பாத்தி தள்ளிப் போனாள். அங்கேயும் நண்டு வளை இருந்தது. எல்லாப் பாத்தியிலும் இருந்தது. குனிந்து இலைகளைப் புரட்டினாள். விட்டுப்போன ஒரு நூலாவது அகப்படுமா என்று கண்ணாயிரம் எதிர்க் கோடியிலிருந்து தேடிக்கொண்டு வந்தார்.

“நீதான பறிச்ச? ஒண்ணு கூடவா நெனப்பு இல்ல?”

“நூலத்தான்யா பாத்தேன்,” என்றாள் அவள். “செடிய யாரு பாத்தா?”

பாத்தி நடுவே உட்கார்ந்துவிட்டாள். மழைத் தண்ணீர் அவள் காலடியில் தேங்கத் தொடங்கியது. “எம் பொண்ணு மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே. அவ வெச்சிட்டுப் போனத நானே ஆக்கிப் போட்டுட்டேனே.”

சுதாகரின் பையில் பட்டைகள் இருந்தன. அவள் முதலில் பிடித்த செடியில் ஒன்றைக் கட்டினால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கட்டவில்லை. சந்தேகமுள்ள செடிக்குப் பட்டை கட்டுவதைவிடப் பட்டையே இல்லாமல் விடுவது மேல் என்று சங்கவி எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறாள். ஒருமுறை அவனிடமும்.

“வேணும்னு செஞ்சதா அக்கா? எழுந்திருங்க,” என்றான்.

பஸ் நிறுத்தத்தில் நின்று ராமானுஜத்துக்குப் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், “போன தலைமுறை விதை குளிர் அறையில இருக்கு. அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்,” என்றார்.

“திட்டம் மார்ச்சோட முடியுது சார்.”

“ஆமா.”

“இதே ஏழு மறுபடி வராது.”

“வராதுதான்,” என்றார் அவர்.

கண்ணாயிரம் மழையில் ஓடிவந்து ஒரு தூக்குவாளியை அவன் கையில் கொடுத்தார். “மீதிக் கொழம்பு சார். பொண்ணோட அம்மாவுக்குக் குடுத்துடு. எங்க பேரு சொல்லணும்னு இல்ல.”

சுதாகர் அணுபுரத்தில் இறங்கினான். குடியிருப்பு வாசலில் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே காரியம் முடிந்துவிட்டது. சங்கவியின் அம்மா ஜெகதாம்பாள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“சுதாகர்தானே? உன் பேரு இந்த வீட்ல அடிக்கடி அடிபடும்,” என்றார். “அவ அப்பா மாத்திரை போட்டுப் படுத்துட்டார். என்னப்பா கையில?”

அவன் சொன்னான். சின்னப்பொண்ணு, கண்ணாயிரம் என்று பேரையும் சொன்னான். ஜெகதாம்பாள் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“கருவாடா? இந்த வீட்ல கருவாடு வறுத்தா மூக்கைப் பொத்திக்கிட்டு மாடிக்கு ஓடுவா. அங்க போய்ச் சாப்பிட்டாளா?”

“ரெண்டு தடவை போட்டுக்குவாங்கம்மா.”

“திருட்டுக் கழுதை,” என்றார். சிரிப்பு பாதியில் உடைந்தது. உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்து ஒரு காயை எடுத்து வைத்தார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மெதுவாகப் பிட்டு வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தார்.

“இதுதானா அவ கத்திரிக்கா?”

“இதுதாம்மா.”

“ஆறு வருசமா பேச்சு. ஒருநாள் கூட எடுத்துட்டு வந்து காட்டல. இன்னும் ஆகல, இன்னும் ஆகலன்னே சொல்லுவா. நல்லாத்தானே இருக்கு.” இன்னொரு வாய் எடுத்தார். “உங்க விதை வங்கியில நாலு விதை இருக்குமா? தொட்டியில போட்டு வெப்பேன். மாடியில வெயில் நல்லா விழும். அவ அப்பா தண்ணி ஊத்துவார். காலைல எழுந்திருக்க அவருக்கும் ஒரு வேலை.”

சுதாகர் தரையைப் பார்த்தான். போன தலைமுறை விதையில் நாலு கொண்டுவந்து கொடுத்துவிடலாம். வித்தியாசம் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

“இந்த விதை இல்லம்மா,” என்றான். நடந்ததைச் சொன்னான். “அவங்க அன்புல செஞ்சது. அங்கயும் இல்ல, எங்ககிட்டயும் இல்ல. இதுதான் கடைசி.”

ஜெகதாம்பாள் அவனையே பார்த்தார். பிறகு தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார். குழம்பில் இன்னும் இரண்டு காய்கள் கிடந்தன. எழுந்துபோய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, ஒரு காயை அவனுக்கும் ஒன்றைத் தனக்கும் போட்டார்.

“அப்ப மிச்சம் வைக்க வேணாம். சாப்பிடு.”