கடைசி பஸ், இரண்டாம் பதிவு

படக்குழுவில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பக்கத்து வீட்டில் எறும்பு தும்மினாலும் கையைத் தூக்கிப் படப்பிடிப்பை நிறுத்திவிடுவாள் என்று கேமராக்காரர் கிண்டல் செய்வார். போர்க்காலத்தில் சாதாரண ஜனங்கள் பட்ட பாட்டைச் சொல்லும் எட்டுப் பகுதி ஆவணத் தொடர் அது. ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. பதினோரு வருட அனுபவம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அன்றைக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீடு. ஜனங்கள் ஊரைக் காலி செய்த நாளில் கடைசி பஸ்ஸை ஓட்டியவர். படக்குழு விளக்குகளைப் பொருத்தி முடித்ததும் அவர் மனைவியிடம், "வந்தவங்களுக்குக் குடுக்க ஒண்ணுமே இல்லையே, பிஸ்கட் வாங்கிட்டு வந்துடேன்" என்றார். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாம்புச்செவி பெரியவர் சட்டையில் மைக்கைக் குத்தினாள். இன்னொரு மைக்கைத் தாங்கியில் நிறுத்தினாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமியது. ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். இயக்குநர் தலையாட்ட, அவர் ஆரம்பித்தார்.

"வண்டியில எழுபது பேரு. பக்கத்துத் தெருவுல ஷெல் விழுது. கதவை மூடிட்டேன். கண்ணாடியில பாக்குறேன், என் மச்சினன் ஓடி வர்றான். என் சம்சாரத்தோட தம்பி. கதவைத் தட்டி, 'அத்தான், அத்தான்'னு கத்துறான். நான் கியரைப் போட்டுட்டேன். இவகிட்ட, அவன் வரவே இல்லைன்னு சொல்லிட்டேன். முப்பத்துநாலு வருஷமா அதையேதான் சொல்றேன்."

கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாம்புச்செவி குனிந்து கருவியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கருவியில் ஒருமுறை அழுத்தினால் ஹெட்ஃபோனில் கேட்கும், அவ்வளவுதான். இன்னொரு முறை அழுத்தி, விளக்கு நின்று எரிந்தால்தான் பதிவாகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. கேமராவில் படம் மட்டும்தான், ஒலி விழாது.

"பதிவாகலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாய் கூசாமல், "லாரி ஒண்ணு போச்சு, சத்தம் விழுந்துடுச்சு. ஐயா இன்னொரு தடவை சொன்னா நல்லாருக்கும்" என்றாள்.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா" என்றார் இயக்குநர்.

"உங்களுக்குக் கேக்காது."

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் மெதுவா பேசிட்டேன்போல. பரவால்லம்மா, சொல்றேன்."

இந்தத் தடவை இரண்டு முறை அழுத்தினாள். அவர் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தார். மச்சினன் கதவைத் தட்டுகிற இடத்தில், ஹெட்ஃபோனில் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். கூடத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பை சரசரத்து நின்றது. அறையில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

கையைத் தூக்கினால் போதும், எல்லாம் நின்றுவிடும். எத்தனையோ தடவை ஒன்றுமில்லாததற்கெல்லாம் தூக்கிய கை. இப்போது நிறுத்தினால் மூன்றாம் தடவை அவர் சொல்லமாட்டார், தன் குட்டு உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கை மடியிலேயே கிடந்தது. அவர் மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

"அருமை ஐயா" என்றார் இயக்குநர். அப்போதுதான் பெரியவர் திரும்பி, கதவருகில் நின்ற மனைவியைப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"நீ கேக்கணும்னு சொல்லலை" என்றார். "மொதல்ல ஒருதடவை சொல்லி முடிச்சுட்டேன். லாரிச் சத்தம் விழுந்துடுச்சுன்னு திரும்பச் சொல்லச் சொன்னாங்க."

அந்த அம்மாள் பிஸ்கட்டை மேசையில் வைத்தார். "லாரியா? தெருமுனையில பள்ளம் தோண்டி ரெண்டு நாளா வழியை அடைச்சு வச்சிருக்காங்க. சைக்கிளே வர முடியலை."

எல்லாரும் பாம்புச்செவியைப் பார்த்தார்கள். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"லாரி வரலைம்மா. நான் பொத்தானைச் சரியா அழுத்தலை. நீங்க வந்து நின்னதும் எனக்குக் கேட்டுச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

பெரியவர் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

"அப்ப மொதல்ல சொன்னது எங்கயுமே இல்லையாம்மா?"

"இல்லை ஐயா."

"மொதத் தடவையோட அது காத்துல போயிருக்கலாமே" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.