கூடைக் கட்சியின் வரிசை

கூடைக் கட்சியின் வரலாற்றை எழுத நைரோபியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். தலைவர் மசிகாவின் படத்தை அட்டையில் போட்டுப் புத்தகம் வரப்போகிறதாம். "சிதாவாம்மா, நீங்க ஆரம்ப காலத்து ஆளு. மனசு விட்டுப் பேசுங்க" என்றார். நான் மனசு விட்டுப் பேசினேன். அவர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டு, டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுதாமல் விட்ட பாதி இதுதான்.

எங்கள் ஊரான நமுசாலாவில் கட்சி பிறந்ததே ஒரு அடியில்தான். அடி வாங்கியவர் என் கணவர் முனியாலோ, பள்ளிக்கூட வாத்தியார். எண்பத்தெட்டில் நாட்டில் ஒரே கட்சி. ஓட்டுச்சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. வேட்பாளரின் படத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்பார். வேண்டியவர்கள் அவருக்குப் பின்னால் போய் வரிசையாக நிற்க வேண்டும். யார் யாருக்கு நின்றார்கள் என்று ஊர் பார்க்கும், போலீஸ்காரனும் பார்ப்பான்.

என் கணவர் ஒரு நல்ல மனிதரின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற வரிசை மைதானம் கொள்ளாமல் கரும்புத் தோட்டத்துக்குள் போனது. அரசாங்கத்துக்கு வேண்டிய ஆளின் வரிசை ஒரு மாமர நிழலில் அடங்கிவிட்டது. அதிகாரி வந்தான், இரண்டையும் பார்த்தான், மாமரத்து வரிசைதான் நீளம் என்று கூசாமல் அறிவித்தான். "எண்ணுங்க! எண்ணிட்டுச் சொல்லுங்க!" என்று என் கணவர் கத்தினார். பக்கத்தில் நின்ற அவருடைய சிநேகிதன் கமாலாவும் கத்தினான். கையில் படம் இருந்ததால் இவரை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது சிறுநீரில் ரத்தம் போனது. வேலையும் போய்விட்டது.

பிறகு காலம் மாறி, பல கட்சிகளுக்கு அனுமதி வந்தது. கூடைக் கட்சியின் முதல் கிளைக் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. 'வரிசை வேண்டாம், பெட்டி வேண்டும்' என்பதுதான் கோஷம். அந்தப் பெட்டியில் அவர் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டார். அன்று வாங்கிய அடியே உள்ளுக்குள் அரித்து, அதோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

கட்சியை நான் சுமந்தேன். சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டே ஆள் சேர்த்தேன். தலைவர் மசிகாவோ எதிர்க்கட்சி மேடையில் ஏறுவார், அங்கிருந்து மந்திரி நாற்காலிக்குத் தாவுவார், நாற்காலி போனதும் "ஏமாந்துட்டேன் மக்களே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வருவார். கட்சி மூன்று தடவை உடைந்தது. ஒவ்வொரு தடவையும் கேலி என் தலையில்தான் விழும்.

"ஏம்மா சிதாவா, இன்னைக்கு நாம எதிர்க்கட்சியா, ஆளுங்கட்சியா? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி விலை பேசலாம்" என்பான் தக்காளிக்காரன்.

"எந்தக் கட்சியா இருந்தாலும் உன் அழுகின தக்காளியை எவனும் வாங்கப் போறதில்லடா" என்பேன். வெளியில் சிரிப்பேன், உள்ளே எரியும்.

இந்தத் தேர்தலில்தான் வாயைத் திறந்து கேட்டேன். மாவட்டச் சபையில் எங்கள் வட்டாரத்து உறுப்பினர் பதவிக்குக் கட்சி என்னை நிறுத்த வேண்டும். இத்தனை வருஷமாக மற்றவர்களுக்குக் கொடி பிடித்த கை இது. ஒரு தடவையாவது அந்தச் சபையில் உட்கார வேண்டும், என் கணவர் பட்டது வீண் போகவில்லை என்று நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றுமில்லை.

எனக்கு எதிராக வந்தவன் லுஸ்வேட்டி, மணல் லாரி முதலாளி. போன மாதம்வரை ஆளுங்கட்சியில் இருந்தவன். ஆளுங்கட்சி என்றால் அந்தப் பழைய கட்சிதான். பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டார்கள், ஆட்கள் அதே ஆட்கள். அவன் அங்கிருந்து நேராக மசிகாவின் வீட்டுக்கு இரண்டு மாட்டோடு போய், எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. எல்லோரும் மைதானத்தில் காத்திருந்தோம். வெயில் ஏறியதுதான் மிச்சம், ஓட்டுச்சீட்டு வரவில்லை. கட்சியின் தேர்தல் அதிகாரியாக வந்திருந்தவன் அதே கமாலா. இப்போது தலை நரைத்து, கோட்டுப் போட்டிருந்தான்.

"அண்ணி, சீட்டு அச்சாகலயாம். தலைவர் வரிசையில நிக்கச் சொல்லி முடிச்சுடச் சொல்றாரு. ரெண்டு பேரும் சம்மதிச்சா போதும்" என்றான்.

என் தோழி நசாம்பு என் கையைப் பிடித்து இழுத்தாள். "வரிசையா? அடியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உன் புருஷன் உசுரைக் குடிச்சதே அதுதானடி! மாட்டேன்னு சொல்லு."

"அது அவனுங்க நடத்தினது. இது நம்ம வீடு. எண்ணப்போறது கமாலா" என்றேன். சனம் முழுக்க என் பக்கம் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொரு நாள் தள்ளிப்போனால் லுஸ்வேட்டி பணத்தை இறைப்பான் என்று பயம். சரி என்று தலையாட்டிவிட்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

நின்றார்கள். என் பின்னால் மீன்காரிகள், பைக் ஓட்டுகிற பையன்கள், தக்காளிக்காரன்கூட நின்றான். வரிசை வளைந்து கிணற்றைத் தாண்டிச் சாலைக்குப் போனது. லுஸ்வேட்டிக்குப் பின்னால் அவன் லாரியில் வந்தவர்கள் மட்டும். அவனே திரும்பிப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கமாலா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. போனைப் பார்த்தான். மைக்கை எடுத்தான்.

"கூடைக் கட்சியின் வேட்பாளர், திருவாளர் லுஸ்வேட்டி."

"எண்ணு!" என்று கத்தினேன். "கண்ணு அவிஞ்சா போச்சு? எண்ணுடா!"

என்னை யாரும் அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு போகவும் இல்லை. லாரியிலிருந்து பாட்டு போட்டார்கள், அவ்வளவுதான். என் வரிசை கொஞ்சநேரம் சத்தம் போட்டது. பிறகு, சமையல் நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கமாலாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு அவரோட சேர்ந்து நீயும்தானே கத்தினே? எதுக்குடா கத்தினே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு அவங்க கட்சி, அண்ணி. இது நம்ம கட்சி. நாமளே நம்ம தலைவரை எதிர்த்தா ஊரு சிரிக்காதா? விடுங்க, மகளிர் அணியில ஏதாவது பாத்துத் தரச் சொல்றேன்."

அந்தக் கோட்டின் மேலேயே துப்பினேன். அதற்கும் அவன் கோபப்படவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு காரில் ஏறினான்.

மறுநாள் காலை நான் கருவாட்டைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் வபுயிலே வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, லுஸ்வேட்டி உங்க பக்கம் தாவிட்டதால எங்க பக்கம் இடம் காலியா இருக்கு. நேத்து உங்க வரிசையைச் சாலையில நின்னு நானே பாத்தேன். எங்களுக்கு நில்லுங்க."

"வெட்கமில்ல உனக்கு?" என்றேன். "என் புருஷனைக் கொன்ன கட்சி உன்னோடது. இந்த வாசலை மிதிக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்! போடா வெளியே!"

அவன் போகவில்லை. தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, மெதுவாக, கேலி எதுவும் இல்லாமல் சொன்னான்:

"அதெல்லாம் அந்தக் காலம்மா. எங்ககிட்ட இப்ப வரிசையெல்லாம் கிடையாது. அடுத்த வாரம் வேட்பாளர் தேர்வு. சீட்டு அச்சாகி வந்தாச்சு. பூட்டுப் போட்ட பெட்டி வைக்கிறோம். பெட்டியைத் தொறந்து உங்க கண்ணு முன்னாடியே எண்ணுவோம்."

மீன் கையைப் பாவாடையில் துடைத்தேன். அந்த மனிதர் இருந்திருந்தால் இவனை என்ன சொல்லித் துரத்தியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை உட்காரச் சொன்னேன்.