ஜன்னலும் ஜெர்மன் அம்மாவும்

உலகெங்கும் வாழும் கலை நெஞ்சங்களுக்கும், ஆன்மாவை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், மட்டாஞ்சேரியில் ஏசி பஸ்ஸில் வந்து இறங்கும் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் பேரொளியைக் கண்ட ஒரு கன்னியாஸ்திரீ, ஜூ டவுனில் ஹரிஷங்கரின் சுக்குக் கிடங்கில் ஒரு மாதம் எழுந்தருளுகிறார்.

ஒளி தெரிய வேண்டுமானால் இருட்டு வேண்டும். ஆகவே கிடங்கின் ஒரே ஜன்னலைக் கறுப்புத் துணி போட்டு அடைத்தார்கள்.

பாதிக் கிடங்கில் கன்னியாஸ்திரீ வரையச் சொன்ன தரிசனப் படங்களின் கண்காட்சி. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் கற்பகமும் மாயம்மாளும், வெளுப்புக்காகப் பூசிய சுண்ணாம்புத் தூள் பறக்கச் சுக்கு புடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில்லாவிட்டால் கற்பகத்துக்கு ஒற்றைத் தலைவலி வரும். இரண்டாம் நாளே வந்தது, வாந்தியோடு.

“முதலாளி, ஜன்னலைத் தொறங்க. மண்டை பொளக்குது.”

“ஒரு மாசமல்லே கற்பகம், அட்ஜஸ்ட் பண்ணு. வலிய ஆளுகள் வருது. ஒரு சாயா குடி, மாறும்,” என்றார் ஹரிஷங்கர் தன் மலையாளத் தமிழில்.

கண்காட்சி நடத்தும் மாதுரி சென்னைக்காரி. கலை மக்களுக்கே என்று நம்புகிறவள். அதனால் மக்கள் இருவரையும் கூப்பிட்டு விளக்கினாள். இந்த அம்மா எழுபது பாட்டுக் கட்டினார், தனக்கென்று ஒரு பாஷையே செய்துகொண்டார், மருந்து நூல் எழுதினார், நெஞ்சுவலிக்குச் சித்தரத்தை நல்லது என்றார்.

“இதுக்கா தரிசனம்? எங்க ஊரு நாட்டு மருந்துக் கடைக்காரன் கேக்காமலே சொல்லுவானே,” என்றாள் மாயம்மாள்.

கற்பகம் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுக்குள் வெள்ளி வெள்ளியாக ஒளி நெளிந்தது.

“எனக்கும் தலைவலிக்கு முன்னாடி இப்படித்தாம்மா மின்னும்.”

மாதுரிக்குப் புல்லரித்தது. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜன்னலை மட்டும் திறக்கவில்லை.

“இந்தம்மா கேட்டது கெடைக்கலேன்னா என்ன செய்வாங்க?” என்று படத்தைக் காட்டிக் கேட்டாள் கற்பகம்.

“தனி மடம் கேட்டாங்க. மேல இருந்த சாமியார் முடியாதுன்னுட்டார். உடனே படுத்துட்டாங்க, கல்லு மாதிரி. அவரே வந்து தூக்கிப் பார்த்தும் அசையலை. தெய்வக் குத்தம்னு பயந்து சம்மதிச்சுட்டார்.”

“ஓகோ,” என்றாள் கற்பகம்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றப் போகும் சமயம், தட்டியை விலக்கிக்கொண்டு வந்து நட்டநடுவில் நீட்டிப் படுத்தாள் கற்பகம். உச்சி முதல் பாதம் வரை சுண்ணாம்பு வெள்ளை.

ஹரிஷங்கர் பதறி ஓடிவந்தார். “எணீக்கு கற்பகம், ஆளுகள் காணுது!” கையைப் பிடித்து இழுத்தார். சுக்கு மூட்டையைத் தனியாளாகத் தூக்கும் மனிதர். இவளை ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை.

“ஜன்னல், முதலாளி,” என்று தட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள் மாயம்மாள்.

அதற்குள் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. நிகழ்த்துகலையின் உச்சம் என்றார் ஒரு பேராசிரியர். ஒரு வெள்ளைக்காரி மண்டியிட்டு அழுதாள். இன்னொரு ஆள் அழுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று ஹரிஷங்கர் கறுப்புத் துணியைக் கிழித்தார். காயல் காற்று உள்ளே வந்தது. வெயிலில் சுண்ணாம்புத் தூள் பொன்னாகச் சுழன்றது. “ஒளி!” என்று மாதுரி கண்ணை மூடிக்கொண்டாள்; ஒளியைப் பார்க்க அதுதான் முறை போலும்.

பார்வையாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க மாதம் முழுதும் ஜன்னல் திறந்தே இருந்தது. கற்பகம் படுத்த இடத்தில் கயிறு கட்டி, ‘வலியின் வழியே இறைவன்’ என்று பலகை வைத்தார்கள்.

அங்கே படுத்த அன்றைக்குக் கற்பகத்துக்குத் தலைவலி இல்லை.