மூன்றாவது தாள்

“பெண்ணின் கையில் வீட்டுச் சாவி ஏறும் நாளில்தான் ஒரு தேசம் தலைநிமிர்கிறது!” என்று அமைச்சர் மேடையில் முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் இஸ்திரிக்காரியின் கையிலும் ஒரு சாவி ஏறியது. அது ஆறாம் மாடியில் வேறு யாருடைய கதவையோ திறக்கிற சாவி என்பது, நான்காம் மாடியில் தன் கதவோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

குடிசைக்குப் பதிலாகக் கொடுத்த வீடு அவள் பேரில். பெண்ணுக்குச் செய்த மரியாதை. மரியாதைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: சோதனைக்கு ஆள் வரும்போது பேருக்கு உரியவள் வீட்டில் இருக்கவேண்டும். லாரியோடு ஊர் ஊராகச் சுற்றும் புருஷன் திரும்பி வந்து வாசலில் நின்றாலும் செல்லாது. ‘ஆள் இல்லை’ என்று கதவில் மூன்று தாள் ஒட்டிவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

இரண்டு ஒட்டியாகிவிட்டது. முதல் தடவை அவள் வேலையில் இருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போனால்தான் பழைய தெருமுனையும் அவளுடைய இஸ்திரி மேஜையும் வரும். இரண்டாம் தடவை கீழே தண்ணீர் லாரிக்கு நின்றாள். இரண்டு குடத்தோடு மூச்சிரைக்க ஏறி வந்தபோது பசை இன்னும் காயவில்லை. லிஃப்ட் திறப்பு விழாவன்று ஒரே ஒரு தரம் மேலே போய்வந்த களைப்பில் இன்னும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

இன்று மறுபடி வருகிறார்கள் என்று பேச்சு. விடிந்ததிலிருந்து பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பத்திரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரி மிஷினை நிறுத்தினாள். “யக்கா, சாமி சிலை மாதிரி ஒக்காந்திருக்கியே. ஒரு வாய் டீயாவது குடி.”

“குடிச்சா எந்திரிக்கணும்டி. எந்திரிக்கிற நேரமாப் பாத்து வந்துருவானுங்க.”

“வந்தா நான் சொல்லமாட்டேனா, இங்கதான் இருக்கான்னு?”

“போன தடவையும்தான் சொன்ன. கேட்டானா?”

“காதை ஆபீஸ்ல கழட்டி வெச்சுட்டு வர்றவன்கிட்ட என்னத்தக்கா சொல்றது!”

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. “இதுவும் போச்சுன்னா எங்கடி போவேன்? பழைய எடத்துல பூங்கா வெச்சுட்டான். உள்ள போகவே டிக்கெட்டு.”

தையல்காரி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கீழே ஒலிபெருக்கி கரகரத்தது.

“வீட்டில் உள்ளவர்கள் உடனடியாக வெளியே வரவும்!”

அதே குரல். ஜலதோஷம் பிடித்த அதே மூக்குக் குரல். குடிசைகளை இடிக்க வந்தபோதெல்லாம் புல்டோசருக்கு முன்னால் நடந்து வந்த குரல். பூட்டின குடிசையில் ஆள் இல்லாமல் கை வைக்கமாட்டார்கள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் இந்தக் குரல் கேட்டதும் பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பதுங்குவார்கள். அப்போது கோடிவீட்டில் இருந்த இதே தையல்காரி வெளியே ஓடி ஓடி வரிசையாகப் பூட்டுத் தொங்கவிடுவாள். இருபது வருஷத்தில் பதினோரு தரம் பலித்தது. பன்னிரண்டாம் தரம் புல்டோசர் பூட்டைப் பார்க்கவில்லை.

இஸ்திரிக்காரி துள்ளி எழுந்தாள். அவள் யோசிக்கவில்லை, கால்தான் யோசித்தது. அமைச்சர் தனியாகப் பத்து நிமிஷம் புகழ்ந்து பேசிய, ஓடு பதித்த கழிவறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் பூட்டு விழும் சத்தம் கேட்டது. அப்பாடா, தையல்காரி பூட்டிவிட்டாள்.

பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கதவு இரண்டு முறை அதிர்ந்தது. அவள் மூச்சை நிறுத்தினாள்.

“பூட்டியிருக்கு சார்.”

“மூணாவதா? ஒட்டு.”

வெளியே தையல்காரி, தான் வீட்டில் இருந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கையெழுத்தில் அவளுக்கு உறைத்தது. பேனா நின்றது. இடது கைக்குள் சாவி.

“எதிர்வீட்டுக்காரி எங்கே போனாம்மா?” என்றார் அதிகாரி. பின்னால் லத்தியோடு ஒரு பெண் போலீஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்டியது நான்தான் என்று சொன்னால் தன் கதவிலும் எதையாவது ஒட்டுவார்களோ? சாவியை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு இருபது வருஷமாகப் பழகிய பதிலே வந்தது.

“தெரியலீங்க சார்.”

பூட்ஸ் சத்தம் கீழே இறங்கி ஓய்ந்த பிறகுதான் அவள் பூட்டைத் திறந்தாள். “யக்கா... வெளிய வா. போயிட்டானுங்க.”

இஸ்திரிக்காரி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். “என்னைப் பாக்கலைல்ல?”

“பாக்கல.”

“நல்லவேளை,” என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகுதான் கதவில் ஈரத்தோடு தொங்கிய தாளைப் பார்த்தாள்.

மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் அவகாசம் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மறுநாள் தையல்காரியே படிவம் வாங்கி வந்து நிரப்பினாள். ‘சோதனையின்போது விண்ணப்பதாரர் இருந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

கழிவறை என்று எழுதினாள்.