புருவப் பென்சிலில் எட்டு மணி நேரம்

1

இந்தக் கதை அறச்சீற்றத்தில் பிறந்தது என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில், என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தலை உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தாமல் எதையும் எழுத முடியாது. அழகுக்கலைப் பள்ளியில் படித்த அக்கா, வீட்டில் பழகிப் பார்க்கக் கொண்டுவந்த தலை. அந்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்தது அது ஒன்றுதான்.

2

அன்று காலை வானம்

[வேண்டாம். வானத்துக்கு இதில் பங்கில்லை.]

அன்று காலை பள்ளிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘நிரந்தரமாக மூடப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.’ ஒத்துழைத்த முப்பது பேரும் சீப்பும் கையுமாகத் தெருவில் நின்றார்கள்.

உரிமத் தேர்வு எழுத ஆயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும். அக்கா முடித்திருந்தது தொள்ளாயிரத்து அறுபது.

3

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பயிற்சி நேரத்தை மாணவிகள் தினமும் ஏட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஆயிரம் நிறைந்ததும் பள்ளி முதல்வர் அதன்மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்திடுவார். அவருடைய போன் பள்ளி மூடிய நாளிலிருந்து அணைந்தே கிடக்கிறது. (அவருக்கு மனசாட்சி வைத்து ஒரு பத்தி எழுதினேன். நம்பும்படி வரவில்லை, அடித்துவிட்டேன்.)

அக்காவோடு உரிம அலுவலகத்துக்குப் போனேன். பள்ளியை மூடுமுன் மாணவர்களை வேறு பள்ளியில் சேர்த்து, ஏடுகளையும் ஒப்படைக்க வேண்டும் என்பது விதியாம். அதிகாரி சுவரைக் காட்டினார். விதி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மொத்த விவகாரத்தில் பாதுகாப்பாக இருந்தது அது மட்டுமே.

பிறகு ஏட்டைப் புரட்டினார்.

“பென்சில்ல எழுதினது செல்லாதும்மா.” ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். “இது மட்டும் மையில இருக்கு. இந்த எட்டு மணி நேரம் செல்லும்.”

அந்தப் பக்கத்தைக் குறித்த அன்று பென்சில் தொலைந்துபோனதால் அக்கா புருவப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

“அது புருவத்துக்குப் போடறது சார்,” என்றாள் அக்கா.

[இந்த வரியை வெட்ட விடும்படி அக்காவிடம் கெஞ்சினேன். மறுத்துவிட்டாள்.]

எட்டும் போயிற்று.

4

முடிவு அ: அக்கா தானே பேனாவால் மேலே எழுதிக்கொள்கிறாள். சொல்லிப் பார்த்தேன்.

“போடா. கால் வீங்க நின்னு செஞ்ச வேலைக்கு நான் ஏன்டா திருட்டுக் கையெழுத்துப் போடணும்?”

முடிவு ஆ: வேறொரு பள்ளி சேர்த்துக்கொள்கிறது. முதல் மணி நேரத்திலிருந்து.

முடிவு இ: முதல்வர் அடுத்த தெருவில், வேறு பெயரில், புதுப் பள்ளி தி

[இது முடிவில்லை. திறந்தே விட்டார்.]

5

பிளாஸ்டிக் தலைக்குப் பின்னல் போட்டபடியே அக்கா என்னிடம் கேட்ட

இந்தக் கதை நிரந்தரமாக மூடப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.

பாதியில் விட்டுவிட்டேன் என்று கோபம் வருகிறதா? உங்களுக்குப் போனது இரண்டு நிமிஷம். பென்சிலில் குறித்துவையுங்கள்.